கிளைம் வந்துடுச்சு, இப்ப என்ன பண்றது? வாசகர் கேள்வி பதில்

வீடியோ சேனல் வச்சிருக்கறவங்க என்ன வேணா கேளுங்கன்னு போன தடவை சொல்லிருந்தோம். கேமரா, மைக்கு, எடிட்டிங்னு கேப்பீங்கன்னு பாத்தா வந்ததுல பாதிக்கு மேல காப்பிரைட் கிளைம் (உங்க வீடியோல இருக்கறது எங்களுதுன்னு வேற ஒருத்தர் உரிமை கேக்கறது) புலம்பல்தான். சரி, இந்த வாட்டி முழுக்க அதுவே இருக்கட்டும். பேரு போட வேணாம்னு நிறைய பேர் கேட்டதால யாரு பேரும் போடல. பதில் பெரும்பாலும் யூடியூப வச்சுத்தான், ஏன்னா கேட்டவங்க கிட்டத்தட்ட எல்லாரும் அங்கதான் மாட்டிருக்கீங்க.

கேள்வி: அண்ணா, வீடியோ போட்டு அரை மணி நேரம் கூட ஆகல, காப்பிரைட் கிளைம்னு மெயில் வந்துடுச்சு. சேனலையே தூக்கிடுவாங்களா? பயத்துல வீடியோவ டெலிட் பண்ணிட்டேன். (புதுசா சேனல் ஆரம்பிச்சவர்)

பதில்: அவசரப்பட்டுட்டீங்களே தம்பி. கிளைம் வேற, ஸ்ட்ரைக் வேற, ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பாதி பேரு தூக்கத்த தொலைக்கிறாங்க. கண்டென்ட் ஐடின்னு ஒரு மெஷின் இருக்கு, உங்க வீடியோல இருக்கற சத்தமோ காட்சியோ வேற ஒருத்தர் அங்க பதிவு பண்ணி வச்சதோட ஒத்துப்போகுதுன்னா அது கிளைம் போட்டுடும், அவ்வளவுதான், அதனால சேனல் மேல கரும்புள்ளி எதுவும் விழாது. அந்த ஓனர் முன்னாடியே என்ன செட் பண்ணி வச்சிருக்காரோ அது நடக்கும், ஒண்ணு வீடியோ பிளாக் ஆகும் (சில நாட்டுல மட்டும் பிளாக் ஆகறதும் உண்டு), இல்லன்னா அதுல விளம்பரம் ஓடி காசு அவருக்கு போகும், இல்லன்னா எத்தன பேரு பாக்குறாங்கன்னு சும்மா கணக்கு மட்டும் எடுத்துப்பாரு. பத்து கிளைம்ல ஒம்பதுக்கு ஓனருங்க ரெண்டாவதத்தான் எடுக்கறாங்கன்னு யூடியூபே சொல்லிருக்கு, யாரு காச வேணாம்பாங்க.

பயப்பட வேண்டியது ஸ்ட்ரைக்குக்கு. அது ஓனர் சட்டப்படி எழுதிக் குடுத்து வீடியோவ தூக்க வைக்கறப்ப வர்றது. 90 நாளுக்குள்ள மூணு விழுந்தா சேனலே போயிடலாம். ஒண்ணுதான் விழுந்திருக்குன்னா காப்பிரைட் ஸ்கூல்னு ஒரு சின்ன பாடம் வரும், அத முடிச்சுட்டு 90 நாள் இருந்தா காலாவதி ஆயிடும். ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க, ஸ்ட்ரைக் விழுந்த வீடியோவ டெலிட் பண்ணினாலும் ஸ்ட்ரைக் அப்படியேதான் இருக்கும். அதனால அடுத்த தடவ மெயில் வந்தா எது வந்திருக்குன்னு முதல்ல பாருங்க, டெலிட் பட்டன அப்புறம் தேடலாம்.

கேள்வி: நிமிஷத்துக்கு நிமிஷம் இவ்வளவு வீடியோ ஏறுது, எல்லாத்தையும் யாரு உக்காந்து பாக்குறாங்க? எப்படி அஞ்சு செகண்டு பாட்டக் கூட கண்டுபிடிக்கறாங்க?

பதில்: யாரும் பாக்கல. நிமிஷத்துக்கு 500 மணி நேர வீடியோ ஏறுற எடத்துல மனுஷன உக்கார வச்சு பாக்க முடியுமா?

கொஞ்சம் பழைய கதை சொன்னாத்தான் புரியும். 2005ல யூடியூப் ஆரம்பிச்சது, 2006ல கூகிள் 165 கோடி டாலர் குடுத்து வாங்குச்சு, 2007 மார்ச்லயே வயாகாம் கம்பெனி எங்க நிகழ்ச்சியெல்லாம் இங்க ஓடுதுன்னு 100 கோடி டாலர் கேட்டு கேஸ் போட்டுடுச்சு. அமெரிக்காவுல 1998லயே வந்த டிஎம்சிஏ சட்டம், ஓனர் நோட்டீஸ் குடுத்ததும் எடுத்துட்டா தளத்துக்காரன் மேல தப்பில்லன்னு சொல்லுது, அந்த பாதுகாப்புலதான் இந்த மாதிரி தளம் எல்லாமே ஓடிக்கிட்டிருக்கு. ஆனா பெரிய கம்பெனிங்களுக்கு தினம் ஆயிரக்கணக்குல நோட்டீஸ் அனுப்பிக்கிட்டிருக்க பொறுமை இல்ல, யூடியூபுக்கும் அவங்கள பகைச்சுக்க முடியல, அப்படி 2007 கடைசில வந்ததுதான் இந்த கண்டென்ட் ஐடி. அந்த கேஸ் 2014 வரைக்கும் இழுத்து கடைசில சமரசத்துல முடிஞ்சுது, மெஷின் மட்டும் நெலச்சு நின்னுடுச்சு.

வேலை செய்ற விதம் இதுதான். ஓனர் தன்னோட பாட்டையோ படத்தையோ அதுக்கிட்ட குடுத்துடுவாரு, அது அந்த சத்தத்தோட அலைவரிசை நேரத்துக்கு நேரம் எப்படி ஏறி இறங்குதுன்னு கைரேகை மாதிரி ஒண்ண எடுத்து வச்சுக்கும், நீங்க அப்லோடு பண்ற ஒவ்வொரு வீடியோவையும் அந்த குவியலோட ஒப்பிட்டுப் பாக்கும். பாட்ட கொஞ்சம் வேகமாக்குறது, சுருதிய ஏத்துறது, மேல பேசறது, இதெல்லாம் பண்ணினாலும் பல சமயம் புடிச்சுடும்.

ஆனா மத்த எல்லா கேள்விக்கும் அடிப்படையா ஒரு விஷயத்த இங்கயே சொல்லிடறேன். அந்த மெஷினுக்கு "இதுவும் அதுவும் ஒத்துப்போகுது"ன்னு மட்டும்தான் தெரியும். நீங்க காசு குடுத்து வாங்குனீங்களா, விமர்சனத்துக்கு எடுத்தீங்களா, கிளைம் போட்டவருக்கே அது சொந்தந்தானா, இதுல ஒண்ணு கூட அதுக்குத் தெரியாது, அதக் கேக்கவும் கேக்காது. ஒத்துப்போனா கிளைம், இல்லன்னு நிரூபிக்கற பாரம் மொத்தமும் உங்க தலைல. எனக்கு இந்த ஏற்பாட்டுலயே கோபம் வர்ற எடம் அதுதான்.

கேள்வி: பாக்னு (Bach) பழைய காலத்து ஜெர்மன் இசையமைப்பாளர் எழுதுன ஒரு பீஸ நானே பியானோல வாசிச்சு போட்டேன், கிளைம் வந்துடுச்சு. அவரு செத்து எத்தனையோ வருஷம் ஆச்சு, நான் வாசிச்சதுக்கு எவனோ எப்படி ஓனர் ஆனான்? (இசை கத்துக்கற வாசகி)

பதில்: உங்க கோபம் நியாயம்மா, இது உங்களுக்கு மட்டும் நடக்கல. ஜேம்ஸ் ரோட்ஸ்னு பிரிட்டனச் சேந்த பியானோ கலைஞர், 2018ல அவரு வீட்டுல உக்காந்து பாக் வாசிச்ச வீடியோவ ஃபேஸ்புக்ல போட்டாரு, அதுல 47 செகண்டு எங்களுதுன்னு சோனி மியூசிக் பேர்ல கிளைம் வந்துச்சு. இல்லன்னு எழுதிக் குடுத்தாரு, அதையும் தள்ளிட்டாங்க. அப்புறம் ட்விட்டர்ல போட்டு ஊரே கூடி சத்தம் போட்டதும்தான் விட்டாங்க. பாக் செத்தது 1750ல!

ஏன் இப்படி ஆகுதுன்னா, ஒரு பாட்டுல ரெண்டு உரிமை இருக்கு. எழுதுன இசை ஒண்ணு, அத ஒருத்தர் வாசிச்சு பண்ணுன ரெக்கார்டிங் இன்னொண்ணு. பாக் எழுதுனது எப்பவோ பொதுச்சொத்து ஆயிடுச்சு, யாரு வேணா வாசிக்கலாம். ஆனா போன வருஷம் ஒரு கம்பெனி அத ஒரு கலைஞர வச்சு வாசிச்சு ரெக்கார்டு பண்ணுச்சுன்னா அந்த ரெக்கார்டிங் மட்டும் அந்த கம்பெனியோடது, அத மெஷின்ல போட்டு வச்சிருப்பாங்க. நீங்க வாசிச்சதும் அதே ஸ்வரம், அதே பியானோ, கிட்டத்தட்ட அதே வேகம், மெஷின் ரெண்டும் ஒண்ணுன்னு அடிச்சு விட்டுடுது. ஒரு வகைல நீங்க நல்லா வாசிச்சதுக்கு சர்டிபிகேட்னு கூட வச்சுக்கலாம், என்ன, காசு மட்டும் வேற ஆளுக்குப் போகும்.

இத விட கூத்தெல்லாம் நடந்திருக்கு. 2012ல ஒருத்தர் வெளில நின்னு எடுத்த வீடியோல பறவை கத்துற சத்தத்துக்கு ஒரு மியூசிக் லைசென்ஸ் கம்பெனி கிளைம் போட்டுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல கியூரியாசிட்டிங்கற ஆய்வு ஊர்தி செவ்வாய் கிரகத்துல இறங்குனப்ப நாசா தன்னோட சொந்த சேனல்ல போட்ட வீடியோ காப்பிரைட்னு காணாமப் போச்சு, கிளைம் யாரு பேர்லன்னா நாசா காட்சிய எடுத்து ஓட்டுன ஒரு செய்தி நிறுவனம். 2018ல ஆஸ்திரேலியால ஒரு இசைக்கலைஞர் பத்து மணி நேரம் வெறும் இரைச்சல், அதான் ஸ்டேஷன் கிடைக்காத டிவில வருமே அந்த "உஷ்ஷ்" சத்தம், அத அவரே கம்ப்யூட்டர்ல உண்டாக்கி போட்டதுக்கு அஞ்சு கிளைம் வந்துச்சு. வெறும் இரைச்சலுக்கு அஞ்சு ஓனர்!

உங்க விஷயத்துக்கு வர்றேன். டிஸ்ப்யூட் போடுங்க, அதாவது இந்த கிளைம் தப்புன்னு யூடியூப்லயே மறுத்து எழுதுங்க. காரணம் கேக்குற எடத்துல பொதுச்சொத்துங்கறத எடுங்க, கீழ எழுதற எடத்துல "இசை 1750ல இறந்தவர் எழுதுனது, வாசிச்சதும் ரெக்கார்டு பண்ணதும் நான், வீடியோல நான் வாசிக்கறது தெரியுது"ன்னு நாலு வரில முடிச்சுடுங்க. திட்டி எழுதாதீங்க, அந்தப் பக்கம் படிக்கறது யாரோ ஒரு சம்பளக்காரரு, அவருக்கு விடற மாதிரி காரணம் வேணும், அவ்வளவுதான். இனிமே கை தெரியற மாதிரி எடுத்து வைங்க, எடிட் பண்ணாத ஒரிஜினல் ஃபைலையும் வச்சுக்கோங்க.

கேள்வி: பத்து செகண்டுக்கு கீழ போட்டா காப்பிரைட் வராதுன்னு சொல்றாங்களே, நிஜமா? டிஸ்கிரிப்ஷன்ல கிரெடிட் குடுத்தா போதுமா?

பதில்: ரெண்டும் புரளி. அமெரிக்கச் சட்டத்துலயும் சரி, இந்தியச் சட்டத்துலயும் சரி, அப்படி செகண்டு கணக்கு இல்ல. கிரெடிட் குடுக்கறது மரியாதை, அனுமதி ஆகாது. "நோ காப்பிரைட் இன்ஃப்ரின்ஜ்மென்ட் இன்டெண்டட்"னு (காப்பிரைட்ட மீறணும்னு நெனைக்கலன்னு) எழுதறதுக்கு அந்த மரியாதை கூட கிடையாது, நான் கேக்காம எடுத்தேன்னு நீங்களே எழுதிக் குடுத்த மாதிரிதான்.

கேள்வி: ராயல்டி ஃப்ரீ மியூசிக்னு காசு கட்டி வாங்கி போட்டேன், லைசென்ஸ் பேப்பர் கைல இருக்கு. அப்படியும் கேள்விப்படாத ஏதோ ஒரு பேர்ல கிளைம். வாங்குன எடத்துல கேட்டா எங்களுக்குத் தெரியாதுங்கறாங்க. (எடிட்டிங் வேலை பாக்குறவர்)

பதில்: இந்த ஒரு கேள்வியத்தான் வேற வேற மாதிரி நிறைய பேரு கேட்டிருக்கீங்க, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ராயல்டி ஃப்ரீன்னா ஒவ்வொரு தடவ ஓடறதுக்கும் தனியா காசு கட்ட வேணாம்னு அர்த்தம், கிளைம் வராதுன்னு அர்த்தம் இல்ல. அந்த இசைக்கலைஞரே அத கண்டென்ட் ஐடில பதிவு பண்ணிருக்கலாம், அதுல தப்பும் இல்ல, ஏன்னா காசு கட்டாம எடுக்கறவங்கள புடிக்கணுமே. நீங்க காசு கட்டுனது மெஷினுக்குத் தெரியாது. அதனால உருப்படியான தளங்கள்ல உங்க சேனல் பேர முன்னாடியே குடுத்து வச்சுட்டா கிளைம் வராம பாத்துக்கற வசதி இருக்கும், இல்லன்னா லைசென்ஸ் நம்பர போட்டா ஒண்ணு ரெண்டு நாள்ல கிளைம எடுத்துடுவாங்க. வாங்கறதுக்கு முன்னாடி அந்த வசதி இருக்கான்னு மட்டும் பாருங்க, பாட்டு எப்படி இருக்குங்கறத விட அது முக்கியம்.

நீங்க சொல்ற "கேள்விப்படாத பேரு" வேற கேஸு. அதுல பெரும்பாலும் லூப் (திரும்பத் திரும்ப ஓட்டற சின்ன இசைத் துண்டு) விவகாரம்தான் இருக்கும். பீட், கிட்டார் துண்டு, பின்னணில நீளமா ஓடற பேட் சத்தம் இதெல்லாம் சாம்பிள் பேக்னு விக்கறாங்க, ஒரே பேக்க ஆயிரக்கணக்கான பேரு வாங்கி ஆளாளுக்கு அவங்க பாட்டுல போடுறாங்க, அது அனுமதிச்ச விஷயம்தான். அதுல ஒருத்தர் அவரு பாட்ட ஆன்லைன்ல ரிலீஸ் பண்றப்ப, பாட்ட எல்லா தளத்துலயும் ஏத்திக் குடுக்கற டிஸ்ட்ரிபியூட்டர் ஃபார்ம்ல "கண்டென்ட் ஐடி வேணுமா"ங்கற கட்டத்துல யோசிக்காம டிக் போட்டுடறாரு. முடிஞ்சுது கதை. அந்த லூப் இருக்கற உலகத்துல உள்ள அத்தன பாட்டும் அவரு பாட்டுதான்னு மெஷின் முடிவு பண்ணிடும். யூடியூப்ல, அந்த பாட்டுல இருக்கறது முழுக்க அவருக்கு மட்டுமே சொந்தமா இருந்தாத்தான் பதிவு பண்ணலாம்னு விதி இருக்கு, டிஸ்ட்ரிபியூட்டரும் சின்ன எழுத்துல போட்டுத்தான் வச்சிருப்பாங்க, யாரு படிக்கறா? அந்தப் பையனுக்கே அவன் பேர்ல எத்தன பேருக்கு கிளைம் போயிருக்குன்னு தெரியாது, மாசக் கடைசில கணக்குல கொஞ்சம் காசு வருதேன்னு சந்தோஷமா இருப்பான்.

நீங்க பண்ண வேண்டியது, டிஸ்ப்யூட்ல லைசென்ஸ்ங்கற காரணத்த எடுத்து, எந்த தளத்துல எந்த தேதில எந்த பாட்டு வாங்குனீங்க, லைசென்ஸ் நம்பர் என்னன்னு எழுதுங்க. எந்த நிமிஷத்துல இருந்து எந்த நிமிஷம் வரைக்கும் மேட்ச்னு கிளைம்லயே காட்டும், அந்த எடத்துல கேளுங்க, அது லூப்புன்னு காதுக்கே தெரிஞ்சா அதையும் சேத்து எழுதுங்க. வித்த தளத்துக்கும் மறுபடி எழுதுங்க, "தெரியாது"ன்னு சொல்லி கை கழுவற தளத்துல அடுத்த தடவ காசு போடாதீங்க, வித்தவங்களுக்கு அந்தப் பொறுப்பு இருக்கு.

கேள்வி: நான் செஞ்சது சரின்னு தெரியும், ஆனா டிஸ்ப்யூட் பண்ண பயமா இருக்கு. பெரிய கம்பெனி, கேஸ் போட்டா என்ன பண்றது? அது வரைக்கும் காசு யாருக்குப் போகும்?

பதில்: முதல்ல காசு, ஏன்னா அதுலதான் நாள் கணக்கு இருக்கு. கிளைம் வந்து 5 நாளுக்குள்ள டிஸ்ப்யூட் போட்டுட்டா முதல் நாள்ல இருந்து வர்ற வருமானத்த யூடியூப் தனியா எடுத்து வச்சுக்கும், முடிவு யாரு பக்கமோ அவங்களுக்குக் குடுக்கும். 5 நாள் தாண்டிட்டா டிஸ்ப்யூட் போட்ட நாள்ல இருந்துதான் எடுத்து வைக்கும், அதுக்கு முன்னாடி வந்தது அவங்களுக்குப் போயிடும். வீடியோக்கு கூட்டம் வர்றதே பெரும்பாலும் முதல் வாரம்தான்ங்கறத வச்சுப் பாருங்க, யோசிச்சுக்கிட்டே உக்காந்திருந்தா நஷ்டம் யாருக்குன்னு தெரியும்.

இப்ப வரிசை. டிஸ்ப்யூட் போட்டா எதிர்ப்பக்கத்துக்கு 30 நாள் டைம். விடலாம், பிடிவாதமா நிக்கலாம், சும்மாவும் இருக்கலாம், சும்மா இருந்தா கிளைம் தானா போயிடும். நின்னாங்கன்னா நீங்க அப்பீல் போகலாம், அதுக்கு பதில் சொல்ல அவங்களுக்கு முன்ன 30 நாள் இருந்துச்சு, 2022ல இருந்து 7 நாளா குறைச்சுட்டாங்க. வீடியோ பிளாக் ஆகியிருந்தா டிஸ்ப்யூட்ட தாண்டி நேரா அப்பீலுக்கே போகவும் வழி இருக்கு. அப்பீலையும் அவங்க ஏத்துக்கலன்னா, ஒண்ணு விடணும், இல்லன்னா சட்டப்படி டேக்டவுன் (வீடியோவ தூக்கச் சொல்ற நோட்டீஸ்) குடுக்கணும், குடுத்தா அப்பத்தான் ஸ்ட்ரைக். அதுக்கும் மேல நீங்க கவுண்ட்டர் நோட்டிஃபிகேஷன், அதாவது தூக்குனது தப்புன்னு சட்டப்படி எழுதற மறுப்பு, போட்டா, அவங்க அமெரிக்க கணக்குல 10 வேலை நாளுக்குள்ள கோர்ட்டுக்குப் போனதுக்கு ஆதாரம் காட்டணும், காட்டலன்னா வீடியோ திரும்ப வந்துடும்.

கவனிச்சீங்களா, முதல் ரெண்டு கட்டத்துலயும் தீர்ப்பு சொல்றது யாரு? கிளைம் போட்டவங்களேதான்! யூடியூப் நடுவுல தபால் குடுக்கறதோட சரி.

அப்படி இருந்தும் நிலவரம் நீங்க நெனைக்கற மாதிரி இல்ல. 2021 டிசம்பர்ல யூடியூப் முதல் தடவையா கணக்கு வெளியிட்டுச்சு, அந்த வருஷம் முதல் ஆறு மாசத்துல மட்டும் 72 கோடிக்கு மேல கண்டென்ட் ஐடி கிளைம், அதுல டிஸ்ப்யூட் ஆனது நூத்துல ஒண்ணு கூட இல்ல, ஆனா டிஸ்ப்யூட் ஆனதுல 60 சதவீதம் வீடியோ போட்டவங்க பக்கமே முடிஞ்சுது. அதாவது ஆறு மாசத்துல 22 லட்சம் கிளைம் தப்புன்னு ஆயிடுச்சு. 99 சதவீதம் பேரு எதுவும் கேக்கல, அதனால 99 சதவீதம் சரின்னு கம்பெனிங்க சொல்லிக்கும், எனக்கு அந்தக் கணக்கு ஒத்துவரல. கேக்காதவங்கள்ல எத்தன பேரு உங்கள மாதிரி பயந்து உக்காந்திருக்காங்களோ.

அதே நேரம் அந்த கடைசி கட்டத்த விளையாட்டா எடுத்துக்காதீங்க. கவுண்ட்டர் நோட்டிஃபிகேஷன் சட்டப்பூர்வமான பேப்பர், அதுல போடற உங்க பேரு விலாசம் எதிர்ப்பக்கத்துக்குப் போகும். இத வச்சே அமெரிக்கால ஒரு ஆளு மைன்கிராஃப்ட் கேம் வீடியோ போடறவங்க மேல பொய் ஸ்ட்ரைக் அடிச்சு, காசு குடுத்தா எடுக்கறேன்னு மிரட்டிருக்காரு, விலாசத்த வாங்கவும் அந்த வழியவே பயன்படுத்துனாருன்னு யூடியூபே 2019ல அவரு மேல கேஸ் போட்டுச்சு. 25,000 டாலரும் பகிரங்க மன்னிப்பும் குடுத்து அவரு சமரசத்துக்கு வந்தாரு. அதனால டிஸ்ப்யூட், அப்பீல் வரைக்கும் நீங்க சரின்னா தைரியமா போங்க, கவுண்ட்டர் போடறதுக்கு முன்னாடி மட்டும் தெரிஞ்ச வக்கீல ஒருத்தர கேட்டுக்கோங்க. நீங்க சரி இல்லன்னா டிஸ்ப்யூட்டே வேணாம், வெறும் கிளைமா இருந்தத நீங்களே ஸ்ட்ரைக் வரைக்கும் இழுத்து விட்ட மாதிரி ஆயிடும்.

கேள்வி: பட விமர்சன சேனல் நடத்தறேன். ஃபேர் யூஸ்னு ஒண்ணு இருக்கே, அத சொன்னா விட மாட்டாங்களா?

பதில்: சொல்லலாம், சட்டமும் உங்க பக்கம் இருக்கலாம், ஆனா மெஷினுக்கு அது புரியாது. விமர்சனம் மாதிரி காரணத்துக்காக அடுத்தவங்களுத அனுமதி கேக்காம கொஞ்சம் எடுத்துக்கலாம்ங்கற சலுகை அமெரிக்காவுல ஃபேர் யூஸ், பிரிட்டன், இந்தியா, கனடால ஃபேர் டீலிங்னு வேற வேற அளவுல இருக்கு, ஐரோப்பால 2019ல வந்த சட்டத்துல கூட விமர்சனத்துக்கும் கேலிக்கும் எடம் விட்டிருக்காங்க. எதுலயும் "இவ்வளவு செகண்டு வரைக்கும் ஓகே"ன்னு கோடு கிடையாது. எதுக்கு எடுத்தீங்க, எவ்வளவு எடுத்தீங்க, உங்களுத பாத்தா ஒரிஜினலப் பாக்க வேண்டாம்னு ஆயிடுமா, இதெல்லாம் எடை போட்டுத்தான் நீதிபதியே முடிவு பண்ணுவாரு.

இதுல ஒரு பிரபலமான கேஸ் இருக்கு. 2007ல ஒரு அம்மா தன் குழந்தை ஆடற 29 செகண்டு வீடியோ போட்டாங்க, பின்னாடி ஒரு பாட்டு ஓடுது, யுனிவர்சல் கம்பெனி அத எடுக்க வச்சுது. கேஸ் நடந்து 2015ல மேல்முறையீட்டு நீதிமன்றம், நோட்டீஸ் அனுப்பறதுக்கு முன்னாடி ஃபேர் யூஸான்னு ஓனர் யோசிச்சே ஆகணும்னு சொல்லிடுச்சு. நல்ல தீர்ப்புதான். ஆனா ஒரு ஓட்டை பாருங்க, அது டிஎம்சிஏ நோட்டீஸ் அனுப்பறவங்களுக்கு. தெரிஞ்சே பொய் நோட்டீஸ் குடுத்தா நஷ்டஈடு கேக்கலாம்னு அந்தச் சட்டத்துல இருக்கு. கண்டென்ட் ஐடி கிளைம் சட்ட நோட்டீஸே கிடையாது, யூடியூபுக்கும் ஓனருக்கும் நடுவுல இருக்கற தனி ஏற்பாடு, அதனால அந்த யோசிக்கற கடமையும் நஷ்டஈடும் அங்க வந்து ஒட்டாது. சட்டத்த விட இந்த மெஷின்தான் உங்கள தினம் ஆளுது, அதுக்கு கோர்ட்டும் கிடையாது.

நடைமுறைல, நீங்க பேசற பாயின்ட்டுக்குத் தேவையான துண்டு மட்டும் போடுங்க, போட்டதும் அது மேலயே பேசுங்க, பாட்டு வர்ற காட்சிய முடிஞ்ச வரைக்கும் தவிருங்க, ஏன்னா படத்த விட்டாலும் பாட்டுக்காரங்க விட மாட்டாங்க. முழு காட்சியும் ஓட விட்டு நடுநடுல "ஐயோ"ன்னு மூஞ்சிய காட்டறதுக்குப் பேரு விமர்சனம் இல்ல, அதுக்கு கிளைம் வந்தா என்கிட்ட வராதீங்க.

கேள்வி: நானே கம்போஸ் பண்ணுன பாட்டு, என் சேனல்லயே போட்டிருக்கேன், அதுக்கு இன்னொருத்தன் கிளைம்! திருட்டுக்கு திருடனே போலீஸா?

பதில்: இதுல பெரிய கொள்ளையே நடந்திருக்கு. அமெரிக்கால ரெண்டு பேரு சேந்து ஒரு கம்பெனி வச்சு, யாரோ பாடுன 50,000 பாட்டுக்கு மேல தங்களுதுன்னு பொய் சொல்லி, கண்டென்ட் ஐடி வசதி வச்சிருந்த ஒரு இடைத்தரகர் வழியா பதிவு பண்ணி, நாலஞ்சு வருஷத்துல 2.3 கோடி டாலர் வரைக்கும் அள்ளிட்டாங்க. அப்புறம் மாட்டி, ஒருத்தருக்கு 2023ல 70 மாசம் ஜெயில். சொந்தமா பதிவு பண்ணி காவல் காக்க ஆளில்லாத சின்ன கலைஞர்கள் பாட்டா இருந்ததாலதான் இது இவ்வளவு நாள் ஓடுச்சு.

உங்கள மாதிரி தனி ஆளுக்கு கண்டென்ட் ஐடி நேரா கிடைக்காது, பெரிய கேட்டலாக் வச்சிருக்கறவங்களுக்குத்தான் குடுப்பாங்க. உங்களுக்குன்னா உங்க வீடியோவ வேற யாராவது திரும்ப ஏத்துனா காட்டுற காப்பிரைட் மேட்ச் டூல், இல்லன்னா டேக்டவுன் கேக்கற வெப் ஃபார்ம், இல்லன்னா டிஸ்ட்ரிபியூட்டர் வழி. இப்ப உடனே டிஸ்ப்யூட்ல ஒரிஜினல் கண்டென்ட்ங்கறத எடுங்க, பாட்டு முதல்ல வெளியான தேதி, ப்ராஜெக்ட் ஃபைல், தனித்தனி ட்ராக் இருக்குன்னு சொல்லுங்க. டிஸ்ட்ரிபியூட்டர் வழியா ரிலீஸ் பண்ணிருந்தா அவங்ககிட்டயும் ஒரு கம்ப்ளெய்ன்ட். அதுக்கு முன்னாடி ஒண்ணு பாத்துக்கோங்க, பல பேருக்கு அந்த "இன்னொருத்தன்" அவங்களோட சொந்த டிஸ்ட்ரிபியூட்டராவே இருக்கும், அவங்க சேனல் பேர விதிவிலக்கு லிஸ்ட்ல சேக்க மறந்திருப்பாங்க. அப்படின்னா ஒரு மெயில்ல முடிஞ்சுடும்.

கேள்வி: லைவ்ல கேம் ஆடறப்ப கேம்ல வர்ற பாட்டுக்கே கிளைம் வருது, என்ன பண்ண?

பதில்: கேம் கம்பெனி பாட்ட கேமுக்குத்தான் வாங்கிருக்கு, உங்க ஒளிபரப்புக்கு இல்ல. நிறைய கேம்ல இப்ப ஸ்ட்ரீமர் மோடுன்னு ஒரு செட்டிங் இருக்கு, அத போட்டா லைசென்ஸ் பாட்டு நின்னுடும். லைவையும் மெஷின் ஓடறப்பவே பாக்குது, மாட்டுனா நடுவுலயே நிறுத்தவும் செய்யலாம். கேம் லைவுக்குப் பேர் போன ட்விட்ச் தளத்துல 2020ல பழைய கிளிப்புக்கெல்லாம் மொத்தமா நோட்டீஸ் வந்து, பல பேரு வருஷக்கணக்கா சேத்து வச்சிருந்தத அழிக்க வேண்டியதாப் போச்சு, அதனால பழைய லைவ அப்படியே விட்டு வைக்காதீங்க. முடிஞ்ச வீடியோன்னா யூடியூப் ஸ்டூடியோல அந்தப் பாட்ட மட்டும் அழிக்கறது, அந்தத் துண்ட வெட்டறது, வேற பாட்டு மாத்தறது மூணும் இருக்கு, பண்ணுனா கிளைம் போயிடும், வீடியோவ திரும்ப ஏத்த வேணாம், வியூஸும் அப்படியே இருக்கும்.

கேள்வி: இந்த கண்டென்ட் ஐடியையே ஒழிச்சுட்டா என்ன சார்?

பதில்: ஆசையாத்தான் இருக்கும், ஆனா ஒழிச்சா அடுத்த நாளே எல்லாம் டேக்டவுனும் ஸ்ட்ரைக்குமா மாறிடும். இன்னிக்கு கவர் பாட்டு, கல்யாண வீடியோ, டான்ஸ் வீடியோ எல்லாம் தளத்துல உயிரோட இருக்கறதுக்குக் காரணமே ஓனர் "எடு"ன்னு சொல்லாம "காச மட்டும் குடு"ன்னு போறதுதான். 2020 முடியறதுக்குள்ள இந்த வழில 550 கோடி டாலர் ஓனர்களுக்குப் போயிருக்கு, அதுல நெஜமாவே உழைச்ச பாடகர்களும் இருக்காங்க.

நான் கேக்கறது ரெண்டுதான். ஒரு மணி நேர வீடியோல இருபது செகண்டு பாட்டு வந்தா இருபது செகண்டுக்குத் தக்க காசு போகட்டும், மொத்தமும் ஏன் போகணும்? கவர் பாட்டுக்கு பங்கு பிரிக்கற வசதி இருக்கே, மத்ததுக்கும் பிரிக்க எது தடுக்குது? அடுத்தது, தப்பு கிளைம் போட்டா அவங்களுக்கும் ஏதாவது வலிக்கணும். ரொம்ப மீறுனா கண்டென்ட் ஐடியையே புடுங்கிடுவாங்கன்னு விதி இருக்கு, ஆனா மூணு ஸ்ட்ரைக்குங்கற மாதிரி நேரான கணக்கு நமக்கு மட்டும்தான்.

கேள்வி: ஏஐல போட்ட மியூசிக்னா பிரச்சனையே இல்லல்ல?

பதில்: அப்படி நம்பி உக்காராதீங்க. மனுஷன் பங்கு இல்லாம மெஷின் மட்டும் பண்ணுனதுக்கு காப்பிரைட் கிடையாதுங்கறதுதான் அமெரிக்க காப்பிரைட் ஆபீஸ் நிலைப்பாடு. அப்ப உங்களுதுன்னு நீங்க கிளைம் போட முடியாது, ஆனா அதே மாதிரி ஒண்ண வேற எவனாவது தன் பேர்ல பதிவு பண்ணிட்டான்னா மெஷின் உங்களத்தான் புடிக்கும். அந்த ஆப்போட எந்த பிளான்ல வணிக உபயோகத்துக்கு அனுமதி இருக்குன்னு பாத்து, உண்டாக்குன தேதியோட ஸ்க்ரீன்ஷாட் ஒண்ணு எடுத்து வைங்க.

கேள்வி: டிஸ்ப்யூட் போட்டு ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு, பதிலே வரல. மறுபடி போடணுமா?

பதில்: வேணாம். 30 நாள்ல அவங்க வாயத் திறக்கலன்னா கிளைம் காலாவதி. ஸ்டூடியோல அந்த வீடியோவ திறந்து பாருங்க, இந்நேரம் போயிருக்கும், எடுத்து வச்சிருந்த காசும் உங்க கணக்குக்கு வந்திருக்கணும்.